மலாயாக் கிண்ணம்: ஒரு போட்டியின் வரலாறும் அதைப் பேசிய தமிழும்

மொழி மன்றமொன்றின் உரைத்தொடரில் காற்பந்துக்கு என்ன இடம் என்று கேட்பவர் இருக்கக்கூடும். இந்நாட்டுத் தமிழரின் வரலாற்றைக் கோயில் மலர்களிலும் தொழிற்சங்க ஏடுகளிலும் தமிழ்ப்பள்ளி ஆண்டுமலர்களிலும் தேடுவதே நம் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் திடலோரத்தில் நின்று நம் மக்கள் எதைப் பேசினர், எச்சொற்களால் பேசினர் என்பதும் வரலாறே. அந்தப் பேச்சின் நடுவே ஒரு நூற்றாண்டாக நின்றது 1921-இல் தோன்றிய மலாயாக் கிண்ணம். ஆசியாவின் மிகப் பழைய காற்பந்துப் போட்டிகளில் அதுவும் ஒன்று. அதைக் கம்போங் ராஜாவில் வைத்துப் பேசத் தனிக் காரணமும் உண்டு. கிண்ணத்தின் பின்னணியில் ஒரு போர்க்கப்பல் இருக்கிறது. அக்கப்பலுக்குப் பணம் கொடுத்த நான்கு மாநிலங்களுள் நாம் கூடியிருக்கும் பகாங்கும் ஒன்று.

கப்பலிலிருந்தே தொடங்குகிறேன். 1912-இல் ஒன்றிணைந்த மலாய் மாநிலங்களின் சட்டமன்றம், பிரிட்டனின் கடற்படைக்கு முதல்தரப் போர்க்கப்பல் ஒன்றை அன்பளிப்பாகக் கட்டித் தருவதென்று முடிவு செய்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகியவையே அந்நான்கு மாநிலங்கள். கப்பலின் விலை ஏறத்தாழ 30 இலட்சம் பவுன். 1915 மார்ச்சில் நீரில் இறக்கப்பட்ட அக்கப்பலுக்கு ‘மலாயா’ என்றே பெயரிட்டனர். மறு ஆண்டு மே 31-ஆம் நாள் நிகழ்ந்த ஜட்லாந்துக் கடற்போரில் அது நான்கு மாநிலங்களின் நான்கு வண்ணக் கொடியையும் ஏற்றிக்கொண்டு போரிட்டது. எட்டுக் குண்டுகள் தாக்கின; மாலுமிகளுள் 65 பேர் மாண்டனர்.

அந்த 30 இலட்சம் பவுன் எங்கிருந்து வந்தது? அன்றைய மாநிலங்களின் கருவூலம் ஈயத்தாலும் ரப்பராலும் நிறைந்தது. ஈயச் சுரங்கங்களில் சீனர் உழைத்தனர். ரப்பர்க் காடுகளில் பால் மரம் சீவியோரில் மிகப் பெரும்பாலோர் தமிழர். 1907-இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதியின் துணையோடு கங்காணிகள் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு எனப் பல மாவட்டங்களிலிருந்து ஆள் சேர்த்துக் கப்பலேற்றிய காலம் அது. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் சட்டப்படி நிறுத்தப்பட்டும், கங்காணி முறை 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை நீடித்தது. அன்பளிப்பை முன்மொழிந்தவர் பேராக் சுல்தான். அதன் விலையில் ஒரு பங்கு, விடியற்காலையில் பெரட்டுக்கு எழுந்து நின்ற நம் முன்னோரின் வியர்வை. அவர்களை எவரும் கேட்கவில்லை. வரவு செலவுக் கணக்கில் அவர்களுக்கென ஒரு வரியும் இல்லை. (‘பெரட்டு’ என்னும் சொல் ஆங்கிலத்தில் அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேடு’ என்பதன் தோட்டத்துத் திரிபு. நம் அகராதிகளில் இடம்பெற அதற்கு முழுத் தகுதியும் உண்டு என்பது என் கருத்து.)

1921-இன் தொடக்கத்தில் அக்கப்பல் தன் பெயருக்குரிய நாட்டைக் காண வந்தது. துறைமுகம் தோறும் வரவேற்பும் விருந்தும் விளையாட்டும் நடந்தன. திரும்பிச் சென்றபின் கப்பலின் தலைவரும் அதிகாரிகளும் நன்றியறிதலாக இரண்டு கிண்ணங்களை வழங்கினர். ஒன்று ரக்பி ஆட்டத்திற்கு, மற்றொன்று காற்பந்துக்கு. அந்த இரண்டாவது கிண்ணமே மலாயாக் கிண்ணமாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் கோலாலம்பூரில் முதல் ஆட்டம் நடைபெற்றது. சிலாங்கூர் பினாங்கை 5-1 என வென்றது. அக்டோபர் முதல் நாள் நடந்த இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என வென்று முதற்கிண்ணத்தைக் கைப்பற்றியது. அன்று ஆடிய திடல், பின்னாளில் 1957-இன் விடுதலைக் கொடி ஏறிய இடமாகிய இன்றைய மெர்டேக்கா சதுக்கம்.

1921 முதல் 1941 வரை எல்லா இறுதியாட்டங்களிலும் சிங்கப்பூர் ஆடியது. அக்காலத்தில் கிண்ணம் வென்றவை சிங்கப்பூர், சிலாங்கூர், பேராக் ஆகிய மூன்று மட்டுமே. பேராக்கின் வெற்றிகள் 1926-இலும் 1931-இலும் வந்தன. இதன் காரணத்தைத் திறமையில் மட்டும் தேடினால் கிடைக்காது. காற்பந்து அப்போது நகரத்துச் சங்கங்களின் ஆட்டம். அரசு அலுவலகம், இரயில்வே, வணிக நிறுவனம், படைமுகாம் ஆகியவற்றைச் சார்ந்தோருக்கே மாலைநேர ஓய்வும் காலணியும் சங்க உறுப்பினர் சீட்டும் இருந்தன. நகரங்களில் தமிழரும் ஆடினர். இரயில்வேயில் பணிபுரிந்தோரும், எழுத்தர் பதவிகளில் இருந்த இலங்கைத் தமிழரும் தமக்கெனச் சங்கங்கள் அமைத்துக் கிரிக்கெட், ஹாக்கி, காற்பந்து என மூன்றையும் பயின்றனர். தோட்டத்துத் தொழிலாளிக்கோ மாநிலத் தேர்வாளரின் கண்ணில் படும் வாய்ப்பே அரிது. துரை, கிராணி, மண்டோர், கங்காணி, தொழிலாளி என்று இறங்கிய படிநிலை திடலிலும் தொடர்ந்தது.

இதே காலத்தில்தான் இம்மலையும் தோட்டமாயிற்று. வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் 1885-இல் இம்மேட்டுநிலத்தைக் குறித்துச் சென்றார். நாற்பது ஆண்டு கழித்து 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்து, மலைவாழிடம் ஒன்று அமைக்கலாம் என்றார். தாப்பாவிலிருந்து சாலை ஏறியது. 1929-இல் ரசல் என்பவர் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். வடக்கே கம்போங் ராஜாவை ஒட்டிப் புளூ வேலி தோட்டம் எழுந்தது. காட்டை வெட்டியும் சரிவில் தேயிலை நட்டும் கொழுந்து பறித்தும் இங்கே நிலைத்தவர் தமிழர். மலையில் சமதரை கிடைப்பது அரிது. தேயிலைக்குக் கொடுக்கும் சரிவைத் திடலுக்குக் கொடுக்க எந்த நிர்வாகமும் எளிதில் இசையாது. எனவே சிறு திடலில் எழுவர் ஆட்டமே இத்தகைய இடங்களுக்குப் பொருந்தியது. பதினொருவர் ஆட்டம் நாட்டின் ஆட்டம் என்றால் எழுவர் ஆட்டம் தோட்டத்தின் ஆட்டம். ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு குழுக்கள் மோதும், மாலையில் பரிசளிப்பு, மறுநாள் மீண்டும் பெரட்டு.

இங்கே சற்று நின்று, என் துறையைச் சார்ந்த சில சொற்களைப் பேச விரும்புகிறேன். ஒரே ஆட்டத்திற்குத் தமிழுலகில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டில் ‘கால்பந்து’, இலங்கையில் ‘உதைபந்து’, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ‘காற்பந்து’. மூன்றும் ஒரே ஆங்கிலச் சொல்லை எதிர்கொண்டு பிறந்தவை. இலக்கண அமைப்பில் வேறுபட்டவை. உதைபந்து என்பது வினைத்தொகை. உதைத்த பந்து, உதைக்கின்ற பந்து, உதைக்கும் பந்து என முக்காலமும் அதற்குள் அடங்கும். காற்பந்து என்பது காலால் ஆடப்படும் பந்து என விரியும் மூன்றாம் வேற்றுமைத் தொகை. வேற்றுமைப் புணர்ச்சியில் லகர ஈற்றின்முன் வல்லினம் வரின் லகரம் றகரமாகும் என்பது நன்னூல் கற்றோர் அறிந்த விதி. கல்லும் பலகையும் சேர்ந்து கற்பலகை, நெல்லும் பயிரும் சேர்ந்து நெற்பயிர், அவ்வாறே காலும் பந்தும் சேர்ந்து காற்பந்து. தமிழ்நாட்டு நாளேடுகள் புணர்ச்சியைத் தளர்த்திக் ‘கால்பந்து’ என்றே எழுதிவருகின்றன. அதைப் பிழை என்று அடித்துத் திருத்தும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது அந்நிலத்து வழக்கு. எனினும் கடல் கடந்து வந்த தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் நன்னூல் விதியை நாள்தோறும் விளையாட்டுப் பக்கத்தில் கையாள்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

அடுத்த சொல் ‘கிண்ணம்’. சென்னையில் உலகக் கோப்பை, கோலாலம்பூரில் உலகக் கிண்ணம். கோப்பை என்பது போர்த்துகீசியச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தது. சாவி, சன்னல், அலமாரி ஆகியவற்றோடு சேர்ந்து கரையேறிய சொல். மலாய்மொழி இதே பொருளுக்குப் ‘பியாலா’ என்கிறது. அது பாரசீகத்திலிருந்து வந்தது. வெள்ளையர் கொடுத்த வெள்ளிப் பாத்திரத்தைப் பாரசீகச் சொல்லால் மலாய்க்காரரும், தம் வீட்டு அடுக்களையில் வழங்கிய சொல்லால் நம்மவரும் அழைத்தனர். தோட்டத்துப் பரிசு ‘சுழற்கிண்ணம்’. ஆண்டுதோறும் வென்றவரிடம் சென்று, அடுத்த ஆண்டு திரும்பி வரும் கிண்ணம் அது. இதில் மாணவர்க்கு ஒரு சிறு புதிர் உண்டு. சுழலும் கிண்ணம் என வினைத்தொகையாகக் கொண்டால், கொல்களிறு என்பதைப் போலச் ‘சுழல்கிண்ணம்’ என்றே நிற்க வேண்டும். ‘சுழற்கிண்ணம்’ என்று எழுதுவோர் சுழல் என்பதைப் பெயராகக் கொள்கின்றனரா, அல்லது காற்பந்தின் ஒப்புமையால் றகரம் ஒட்டிக்கொண்டதா? வகுப்பறையில் ஒரு மணிநேரம் விவாதிக்கத் தக்கது.

‘திடல்’ என்பதற்குப் பழம்பொருள் மேட்டு நிலம். நீர் சூழ்ந்த மேடு என்றும் பொருள் உண்டு. தமிழ்நாட்டில் விளையாட்டுக்கு ‘மைதானம்’ என்னும் அரபு-பாரசீகச் சொல் மேலோங்கிவிட, இங்கே திடலே நிலைத்தது. ஆட்டத்தின் உச்சநிகழ்வுக்கு மட்டும் நாம் புதுச்சொல் தேடவில்லை. ‘கோல்’ என்பதை அப்படியே கொண்டோம். ஏற்கெனவே தமிழில் செங்கோலும் ஊன்றுகோலும் இருக்க, ‘கோல் புகுத்தினார்’ என்று எழுதினால் பொருள் மயங்கும் என அஞ்சிய புலவர் இருந்திருக்கலாம். மக்கள் மயங்கவில்லை.

இச்சொற்களை நிலைபெறச் செய்தவை நாளேடுகள். 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசனும், 1935-இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசும் ஆட்டச் செய்திகளைத் தமிழில் எழுத வேண்டியிருந்தது. தற்காப்பு ஆட்டக்காரர், தாக்குதல் ஆட்டக்காரர், கோல் காவலர் என்னும் தொடர்களை எந்தக் கலைச்சொற் குழுவும் கூடி ஆக்கவில்லை. அச்சுக்குப் போகும் நேர நெருக்கடியில் துணையாசிரியர்களின் மேசையில் இத்தகைய சொற்கள் பிறந்தன. கலைச்சொல்லாக்கம் பற்றிப் பல கருத்தரங்குகளில் அமர்ந்தவன் என்ற முறையில் கூறுகிறேன்: குழுக்கள் ஆக்கிய சொற்களில் பாதி அறிக்கையிலேயே உறங்குகின்றன. பந்தோடு ஓடிய சொற்கள் இன்றும் ஓடுகின்றன.

வரலாற்றுக்குத் திரும்புவோம். போர்க்காலத்தில் நின்றுபோன போட்டி 1948-இல் மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டு நெகிரி செம்பிலான் வென்றது. பழைய மூவரின் பிடி தளர்ந்தது. அதே 1948-இல் ‘மலாயா’ கப்பல் உடைப்பதற்காக விற்கப்பட்டது. 1951-இல் துங்கு அப்துல் ரகுமான் காற்பந்துச் சங்கத்தின் தலைமையேற்றார். 1974 வரை அப்பொறுப்பில் இருந்தார். நாட்டுத் தலைமையும் காற்பந்துத் தலைமையும் ஒருவரிடமே அமைந்ததால், 1957-இல் விடுதலையோடு மெர்டேக்கா அரங்கமும் அதில் மெர்டேக்கா கிண்ணப் போட்டியும் பிறந்தன. அந்த ஆண்டு மலாயாக் கிண்ணம் பேராக்குக்குச் சென்றது. மெர்டேக்கா போட்டியில் 1958-இலும் 1959-இலும் மலாயாவே வென்றது. 1959-இல் இரண்டாமிடம் பெற்ற நாடு இந்தியா என்பதை இங்குக் குறிப்பது தகும். இரு நாட்டுக் குழுக்களும் ஒரே திடலில் நின்றபோது, அரங்கில் அமர்ந்திருந்த தமிழர் எந்தப் பக்கம் கைதட்டுவது என்பது வெறும் விளையாட்டுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. குடியுரிமைத் தாள்கள் பலருக்கு இன்னும் கைக்கு வராத காலம் அது.

அந்தத் தாள்களின் கதை 1969-இல் கடுமையடைந்தது. குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தும் பதிவு செய்யத் தவறிய தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். 1967-இல் மலாயாக் கிண்ணம் புதிய வடிவோடு மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறியிருந்தது. பெயர் மாறிய பின் நடந்த முதல் போட்டியில் பேராக் வென்றது. 1972-இல் மியூனிக் ஒலிம்பிக் போட்டிக்கு மலேசியக் காற்பந்துக் குழு தகுதிபெற்றுச் சென்று, அமெரிக்காவை 3-0 என வென்றது. அக்குழுவின் தற்காப்பில் நின்றவர் மு. சந்திரன். ஒரு பக்கம் குடியுரிமையற்ற தமிழர் துறைமுகத்தில் விடைபெற, மறுபக்கம் ஒரு தமிழர் நாட்டின் சின்னத்தை நெஞ்சில் அணிந்து ஆடினார். இவ்விரண்டையும் ஒரே பாடத்தில் வைத்துக் கற்பிக்காத வரலாற்று வகுப்பு அரைகுறையானது.

சந்திரனுக்கு முன்பே 1960-களில் ந. தனபாலன் தாக்குதல் ஆட்டக்காரராக நாட்டுக்கு ஆடினார். பின்னர் வந்தவர் கோல் காவலர் ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைப் பிடித்த அவரை நாடே ‘ஸ்பைடர்மேன்’ என்றழைத்தது. 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற குழுவின் காவலர் அவர். மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. வென்றவர்கள் வீட்டிலேயே இருந்தனர். 1988-இல் சாலை விபத்தில் ஆறுமுகம் மறைந்தார். முருகனின் திருப்பெயரை மலாய்க்காரரும் சீனரும் ஒரே குரலில் உச்சரித்த அந்த மாலைகளை எண்ணிப் பார்க்கிறேன். றகரத்தின் ஒலிப்பு அவர்களிடம் சற்று மாறியிருந்தது, அன்பு மாறவில்லை.

சிங்கப்பூர்க் குழுவிலும் ஒரு பெயர் மொழியாளரின் கண்ணை ஈர்க்கும். 1977-இல் பினாங்கை 3-2 என வென்று சிங்கப்பூர் கிண்ணத்தைப் பெற்றபோது அதன் தலைவர் சமாட் அல்லாப்பிச்சை. இறைவன் இட்ட பிச்சையாகப் பிறந்த பிள்ளை என்னும் பொருளில் அரபும் தமிழும் கைகோத்த பெயர் அது. தமிழ் முசுலிம்களிடையே பழகிவரும் இவ்வகைப் பெயரைக் காற்பந்து இரு நாட்டு நாளேடுகளின் தலைப்பிலும் ஏற்றியது.

பிறகு நேர்ந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்ல விரும்புகிறேன். 1994-இல் பகாங்கை 4-0 என வென்று கிண்ணத்தோடு சிங்கப்பூர் போட்டியைவிட்டு நீங்கியது. நுழைவுச்சீட்டு வருவாய் பற்றிய பூசல் அதற்கு ஒரு காரணம். அதே காலத்தில் ஆட்டங்களை விலைபேசிய ஊழல் வெளிப்பட்டு, பல ஆட்டக்காரர்கள் தடைசெய்யப்பட்டனர். அரங்குகள் வெறிச்சோடின. மக்கள் நம்பிக்கை முழுமையாகத் திரும்பிவிட்டது என்று இன்றும் சொல்வதற்கில்லை. சிலாங்கூர் 33 முறை வென்றும், 2015-க்குப் பின் அதற்குக் கிண்ணம் வாய்க்கவில்லை.

கேமரன் மலைக்காரர்களின் நிலை சுவையானது. ஆட்சி எல்லைப்படி நாம் பகாங்கைச் சேர்ந்தவர்கள். சாலைகளோ பேராக்கை நோக்கி இறங்குகின்றன. பழைய சாலை தாப்பாவுக்கு, கம்போங் ராஜாவிலிருந்து செல்லும் புதிய சாலை சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு. சந்தைக்கும் திருமணத்திற்கும் பேராக், அடையாள அட்டைக்குப் பகாங். கிண்ண நாளில் மனம் எங்கே நிற்பது? பகாங் முதன்முதலாக 1983-இல் சிலாங்கூரை 3-2 என வென்று கிண்ணம் பெற்றது. பின்னர் 1992, 2013, 2014 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. பேராக் 1998, 2000, 2018 ஆகிய ஆண்டுகளில் வென்றது. எந்த ஆண்டு வென்றாலும் இம்மலையில் ஒரு வீட்டில் மகிழ்ச்சியும் பக்கத்து வீட்டில் முணுமுணுப்பும் இருந்திருக்கும்.

நம் காலத்தில் தமிழர் பெயர் உயர்ந்து ஒலித்தது பயிற்றுநர் பொறுப்பில். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடியவரான கி. இராஜகோபால், 2009-இல் தென்கிழக்காசியப் போட்டியின் தங்கத்தையும், 2010 டிசம்பரில் இந்தோனேசியாவை இரு ஆட்டங்களில் 4-2 என வென்று ஆசியான் கிண்ணத்தையும் மலேசியாவுக்குப் பெற்றுத் தந்தார். அக்கிண்ணம் மலேசியாவுக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழுவும் படிப்படியாக ஏறி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயரில் 2019-இல் நாட்டின் முதல்நிலைத் தொடரில் நுழைந்தது. 2022-இன் இறுதியில் அது போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. நான்கு பருவங்கள்தான்.

ஊற்று வற்றுவதற்குக் காரணம் தேடுவோர் நகரத்துப் பயிற்சிக்கழகங்களைப் பார்க்கின்றனர். நான் தோட்டத்துத் திடலைப் பார்க்கிறேன். 1980-களிலிருந்து ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின; லயங்கள் இடிந்தன; மக்கள் நகரோரத்து அடுக்குவீடுகளுக்குச் சென்றனர். அங்கே திடல் இல்லை. பந்து படிக்கட்டில் உருண்டது. இம்மலைத் தேயிலைத் தோட்டங்களில் இன்று கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் காய்கறித் தோட்டங்களுக்கும் கடைகளுக்கும் சமவெளி நகரங்களுக்கும் போயினர். திடலில் வளர்ந்த ஆட்டமும் அதைச் சுற்றி வளர்ந்த பேச்சும் ஒருசேர ஒடுங்குகின்றன. தமிழ் நேசன் 2019 சனவரியோடு நின்றது. 95 ஆண்டுக்காலம் சொற்களைச் சுமந்த ஏடு அது.

மாநிலக் கிண்ணத்தின் முடிவுகள் பதிவேட்டில் உள்ளன. சுழற்கிண்ணங்களின் வரலாறு இங்குள்ள முதியோரின் நினைவில்தான் பெரும்பாலும் இருக்கிறது. ஆகவே இவ்வுரையைக் கேட்கும் மாணவர்க்கு ஒரு பணி தர விரும்புகிறேன். ஆசிரியர்கள் இதைப் பள்ளித் திட்டமாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் தாத்தாவிடமோ பெரியப்பாவிடமோ சென்று, அவர் ஆடிய குழுவின் பெயர், கிண்ணத்தின் பெயர், அதைக் கொடுத்தவர் யார், எந்தத் திடல், காலணியோடு ஆடினாரா வெறுங்காலோடு ஆடினாரா என்று கேளுங்கள். பந்தைத் தலையால் முட்டுவதற்கும், எதிராளியை ஏமாற்றிக் கடப்பதற்கும், நடுவர் ஊதுவதற்கும் அவர்கள் அன்று என்ன சொல் சொன்னார்கள் என்றும் கேளுங்கள். பாட்டியரையும் விட்டுவிட வேண்டா. திடலோரத்தில் நின்றவர்களுக்கு ஆடியவர்களைவிடக் கூடுதலாக நினைவிருக்கும். சொன்னவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் உடன் குறித்துக்கொள்ளுங்கள். சொற்களைப் பேச்சில் வந்தபடியே எழுதுங்கள். மலாய் கலந்திருந்தாலும் ஆங்கிலம் திரிந்திருந்தாலும் திருத்தாதீர்கள்.